பத்து மணி மழை

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிற மழையைப் பற்றி எனக்கு வெகு காலமாக ஒரு சந்தேகம் உண்டு. அது பஞ்சாங்கம் பார்த்துப் பெய்கிறதா, கடிகாரம் பார்த்துப் பெய்கிறதா என்பதே அந்தச் சந்தேகம். இரவெல்லாம் சும்மா இருக்கும். விடிந்ததும் வானம் தெளிந்துவிட்டது போல ஒரு பாவனை காட்டும். எட்டு மணிக்குச் சற்றே வெயில் கூட அடிக்கும். சாப்பிட்டுவிட்டு, சைக்கிளைத் துடைத்து, டிபன் டப்பாவைக் காரியரில் வைத்து, கால்சட்டை செயினில் மாட்டிக்கொள்ளாமல் கிளிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் முதல் துளி மூக்கின்மேல் விழும். பிறகு பத்து மணி வரையில் விடாது. நான் குமாஸ்தாவாக இருந்த நாளில் நாங்கள் அதற்குப் 'பத்து மணி மழை' என்றே பெயர் வைத்திருந்தோம்.

சென்னை நகரத்தில் ஒரு வருஷத்தில் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று பங்கில் பெரும் பகுதி என் முதுகின்மேல்தான் பெய்தது என்று அந்தக் காலத்தில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

பலத்த மழை பெய்தால் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிறார். குழந்தைகள் நனையக் கூடாது என்பது நியாயந்தான். ஆனால் அந்தக் குழந்தைகளின் தகப்பனார்கள்? அவர்களுக்கு மழை கிடையாது. பத்து மணி மட்டுமே உண்டு. சைக்கிளைப் பற்றி எழுதியிருக்கிற புத்தகங்களை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். அதை யார் கண்டுபிடித்தார், யார் பெடல் வைத்தார், யார் பந்தயத்தில் ஜெயித்தார் என்றெல்லாம் விவரமாகச் சொல்கிறார்கள். மழையில் அதை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனவனைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

* * *

சைக்கிளின் ஜாதகத்தைப் பார்த்தால், கெட்ட வானிலையில்தான் அது ஜனித்திருக்கிறது.

1815-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இப்போது இந்தோனேஷியாவைச் சேர்ந்த சும்பாவா தீவில், தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அந்தச் சத்தம் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் கேட்டதாம். எரிமலை கக்கிய சாம்பலும் கந்தக ஆவியும் வானத்தில் வெகு உயரம் போய்ப் பூமியைச் சுற்றிப் பரவி, சூரிய கிரணங்களைத் தடுத்தன. அடுத்த வருஷம், அதாவது 1816-இல், ஐரோப்பாவில் கோடை காலம் வரவே இல்லை. வரவேண்டிய மாதங்களில் மழையும் குளிருந்தான் வந்தன. பயிர் அழுகியது; தானிய விலை ஏறியது. நம் ஊர்க் குதிரைக்குக் கொள்ளு எப்படியோ அப்படி அந்த நாட்டுக் குதிரைக்கு ஓட்ஸ். மனிதனுக்கே ரொட்டி இல்லாத காலத்தில் குதிரைக்கு யார் ஓட்ஸ் போடுவார்கள்?

இந்தச் சமயத்தில் ஜெர்மனியின் பாடன் ராஜ்யத்தில் கார்ல் ஃபான் டிரைஸ் என்று ஒரு பிரபு இருந்தார். வன இலாகா உத்தியோகஸ்தர். யந்திரப் பைத்தியம் பிடித்தவர். 1817 ஜூன் 12-ஆந் தேதி அவர் மான்ஹைம் நகரத்திலிருந்து இரண்டு மரச் சக்கரங்களின்மேல் உட்கார்ந்து புறப்பட்டார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தித் தள்ள வேண்டியதுதான். போகவும் வரவுமாகச் சுமார் 14 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்பினார். சைக்கிள் பிறந்த கதை இதுதான்.

குதிரைகள் செத்ததனால்தான் குதிரையில்லாத வாகனம் பிறந்தது என்று சில சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். டிரைஸ் பிரபு 1813-ஆம் வருஷத்திலேயே நாலு சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார், ஆகையால் எரிமலைக்கும் சைக்கிளுக்கும் முடிச்சுப் போடுவது அதிகப்படி என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன். எனக்கு முதல் கட்சிதான் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது வேறு, ருசுவாவது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எப்படியிருந்தாலும், பிறந்த உடனேயே அந்த வாகனத்துக்கும் மழைக்கும் சண்டை ஆரம்பமாகிவிட்டது. அந்தக் காலத்துச் சாலைகளில் கோச்சு வண்டிகள் ஓடி ஓடி ஆழமான தடங்கள் விழுந்திருக்கும். மழை பெய்தால் அவை வாய்க்கால்களாகிவிடும். அதில் மரச் சக்கரத்தை விட்டு எப்படி மீள்வது? ஆகவே சவாரிக்காரர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடக்கிறவர்கள் கூச்சல் போட்டார்கள். மிலான், லண்டன், நியூயார்க் என்று ஊர் ஊராகத் தடை விதித்தார்கள். டிரைஸ் பிரபு 1851-இல் வறுமையில் இறந்துபோனார்.

* * *

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860-களில் பாரிஸில் முன் சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். இரும்புப் பட்டை போட்ட அந்தச் சக்கரம் கல் பாவிய தெருவில் ஓடியபோது சவாரி செய்தவனுடைய பல் ஆடியது. இங்கிலாந்தில் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். 1870-களில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. ஏறுவதற்குத் தைரியம் வேண்டும். இறங்குவதற்கு அதைவிடத் தைரியம் வேண்டும். பணமும் பொழுதும் உள்ள வாலிபர்கள் அதில் ஏறி வேடிக்கை காட்டினார்கள். அதில் யாரும் ஆபீஸுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

1885-இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒரே அளவான இரண்டு சக்கரமும் பின் சக்கரத்துக்குச் செயினும் வைத்து, இன்று நாம் ஓட்டுகிற உருவத்தைக் கொண்டுவந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று செய்த காற்று டயருக்குப் பேடன்ட் வாங்கினார். (நாற்பது வருஷத்துக்கு முன்பே தாம்சன் என்பவர் அதே யோசனைக்குப் பேடன்ட் வாங்கியிருந்தது தெரியவந்து, டன்லப்பின் உரிமை பிறகு செல்லாமற் போயிற்று.) டயரில் காற்று வந்ததும் கூடவே பஞ்சரும் வந்தது. அப்போது டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஒட்டினால் பசை காய ஒரு ராத்திரி பிடிக்கும். கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் பிரான்ஸில் மிஷலின் சகோதரர்கள் செய்த பிறகுதான் சைக்கிள்காரன் பாதி வழியில் பிழைத்து எழ முடிந்தது.

1890-களின் நடுவில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பித்துப் பிடித்து ஆடின. தேவைக்கு மேல் தொழிற்சாலைகள் முளைத்தன. 1897-ஐ ஒட்டிச் சந்தை சரிந்தது, விலை விழுந்தது. சீமான்கள் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பழைய சைக்கிள்களையும், மலிவாக வந்த புதியவற்றையும் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் தபால்காரர்களும் வாங்கினார்கள்.

என் அபிப்பிராயத்தில் சைக்கிளின் உண்மையான சரித்திரம் அன்றுதான் ஆரம்பமாகிறது. ஏனெனில், அன்றுதான் அது மழையில் நனைய ஆரம்பித்தது. விளையாட்டு நடக்கும்போது மழை வந்தால் ஆட்டம் நிற்கும். வேலைக்குப் போகும்போது மழை வந்தால் வேலை நிற்காது, ஆள்தான் நனைவான்.

* * *

மழையை எதிர்த்துச் சைக்கிள்காரனுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்.

முதலாவது மட்கார்டு. அதன் அருமை அது இல்லாதவனுக்குத்தான் தெரியும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழை மேலேயிருந்து மட்டும் பெய்வதில்லை, கீழேயிருந்தும் பெய்கிறது. முதுகெலும்பின் நீளத்துக்குச் சேற்றினால் ஒரு கோடு விழும். அந்தச் சட்டையோடு துரைமார் முன்னால் போய் நிற்க முடியாது.

இரண்டாவது மழைக் கோட்டு. கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மாக்கிண்டாஷ் 1823-இல் ரப்பரைத் தார் எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி, தண்ணீர் புகாத துணி செய்தார். ஆதியில் அது குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, நாற்றமும் அடித்தது. பின்னால் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சுகிற வித்தை வந்து அந்தக் குறைகள் தீர்ந்தன. ஆனால் கிளாஸ்கோவின் குளிருக்குப் பிறந்த கோட்டு சென்னையின் புழுக்கத்துக்கு எப்படிப் பொருந்தும்? அதைப் போட்டுக்கொண்டு ஐந்து மைல் மிதித்தால், வெளியே மழையிலும் உள்ளே வேர்வையிலும் ஏககாலத்தில் ஸ்நானம் செய்யலாம். கோட்டுப் போட்டவனும் போடாதவனும் ஒரே மாதிரி நனைந்துதான் வந்து சேருவார்கள். போட்டவனுக்கு, தான் நனையவில்லை என்ற கௌரவம் மட்டும் மிச்சம்.

மூன்றாவது விளக்கு. முதலில் எண்ணெய் விளக்கு. பிறகு 1890-களின் கடைசியில் கார்பைடு விளக்கு வந்தது. கீழே கார்பைடுக் கல், மேலே தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, வாயு கிளம்பி எரியும். தண்ணீரால் எரிகிற விளக்கு மழைக்காற்றில் அணைந்துபோனதை என்ன சொல்வது! டைனமோ வந்த பிறகும், டயர் நனைந்துவிட்டால் அதன் சின்னச் சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். மழை என்று காரணம் சொன்னால் சிரிப்பார்.

நாலாவது பிரேக். இரும்பு ரிம்மும் ரப்பர்க் கட்டையும் காய்ந்திருக்கிறவரையில் பரம சிநேகிதர்கள். இரண்டும் நனைந்துவிட்டால் ஒன்றையொன்று தெரியாதவர்கள் போல நடந்துகொள்ளும். பிரேக்கைப் பிடித்துவிட்டு, சக்கரம் நிற்பதற்குள் இஷ்ட தெய்வங்கள் எல்லோரையும் ஒரு முறை நினைத்து முடிக்கலாம். அநேகமாக எல்லோரும் செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவோம்.

இத்தனை ஆயுதங்கள் இருந்தும் ஓர் எதிரிக்கு மாத்திரம் மாற்று மருந்து கிடையாது. அது எதிர்க்காற்று. ஹாலந்து தேசத்தில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். மழைக்கும் காற்றுக்கும் குறைவே இல்லை. அங்கே 2013 முதல், கடும் புயற்காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து, கடலை மறித்துக் கட்டிய அணையின்மேல், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில், எதிர்க்காற்றில் ஒரு பந்தயம் நடத்துகிறார்கள். தூரம் எட்டரைக் கிலோமீட்டர். இந்தச் சமாசாரத்தைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மந்தைவெளியிலிருந்து பீச் ரோடு வழியாகப் பாரிமுனைக்கு ஏறக்குறைய அதே தூரம்தான். கார்த்திகை மாதத்து வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும்; ஆபீஸ் வடக்கே இருக்கிறது. அந்தப் பந்தயத்தை நாங்கள் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் பரிசு இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தோம்!

* * *

நம் ஊரில் குமாஸ்தா சைக்கிளில் ஏறிய கதை தனிக் கதை. சென்னையில் 1895-இல் மின்சார ட்ராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் வந்தது. ட்ராமும் ரயிலும் போகாத இடத்தில் இருந்தவர்கள் நடந்தார்கள். நடக்க முடியாத தூரத்தில் யாரும் வீடு பார்க்கவில்லை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று சீமையிலிருந்து கப்பலில் வந்த சைக்கிள், ஒரு குமாஸ்தாவுக்கு ஏறக்குறையக் கல்யாணச் செலவு மாதிரி ஒரு பெரிய காரியம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டு, 1951 முதல் அங்கேயே சைக்கிள்கள் தயாராயின. அதே சமயத்தில் வடக்கே அஸன்சால், சோனேபட், லூதியானா முதலிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. 1953-இல் சென்னையில் ட்ராம் நின்றுபோயிற்று. ட்ராமில் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியார் பஸ்ஸில் தொங்கினார்கள். மற்றொரு பகுதியார் தவணையில் சைக்கிள் வாங்கினார்கள்.

சைக்கிள் தூரத்தைக் குறைத்தது என்று சொல்வது வழக்கம். வாஸ்தவத்தில் அது தூரத்தை அதிகப்படுத்தியது. சைக்கிள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான், வாடகை குறைவான இடமாகப் பார்த்து, ஆபீஸிலிருந்து ஐந்து மைலிலும் ஏழு மைலிலும் குடியேறினோம். வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் மீத்த பணத்துக்கு ஈடாக, மாதா மாதம் வெயிலையும் மழையையும் முதுகில் வாங்கிக்கொண்டோம். அந்தப் பற்றுவரவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

குமாஸ்தாக்கள் மட்டுமா? கோயமுத்தூர் மில் தொழிலாளிகளைப் பாருங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்றில், சங்கு ஊதுவதற்குள் மேற்கே போய்ச் சேரவேண்டியவன் சீட்டில் உட்காரவே முடியாது. நின்றுகொண்டே மிதிக்க வேண்டும். தந்திச் சேவகரைப் பாருங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தியே நின்றுபோகும் வரையில், புயல் மழையில் யாரும் வெளியே வராத நேரத்தில் வாசலில் கேட்கிற சைக்கிள் மணி அநேகமாக அவருடையதுதான். புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். நர்ஸுகளும், பாலவாடி ஆசிரியைகளும், கல் உடைக்கிறவர்களும் அந்தக் கொடும் வெயிலில் வேலைக்கு மிதித்துப் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், யாரையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம் என்பது அவர்களுக்கு வெயிலைவிடப் பெரிதாக இருந்தது. சைக்கிள் மனிதனை வருத்துகிறது என்று மாத்திரம் சொன்னால் அந்தப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அது சுதந்திரம் கொடுத்தது. அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை, அந்த விலையை யார் நிர்ணயித்தார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.

* * *

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1966-ஆம் வருஷத்தில், பீச் ரோட்டில், மழையில் வந்தது.

அந்த வருஷம் நவம்பர் 3-ஆந் தேதி சென்னையைப் புயல் தாக்கியது. கப்பல் ஒன்று மெரினாக் கரையோரமாகத் தரைதட்டி நின்றது. ஊரே திரண்டு போய் அதைப் பார்த்தது. புயல் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கெல்லாம் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஆபீஸ் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருந்தது. பத்து மணிக்கு வேலை. பத்தேகாலுக்கு ஆஜர்ப் பட்டியல் மானேஜர் அறைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வருகிறவன் பேருக்கு எதிரில் சிவப்பு மையினால் ஒரு கோடு விழும். மாதத்தில் மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் ஒரு நாள் லீவு கழியும். லீவு இல்லாதவனுக்கு ஒரு நாள் சம்பளம் கழியும்.

டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரும் மந்தைவெளிப் பக்கம்தான். தினம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அந்த வருஷம் அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் அவருடைய லீவு முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. அந்த மாதத்தில் இரண்டு சிவப்புக் கோடும் விழுந்திருந்தன. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

ஐஸ் ஹவுஸைத் தாண்டும்போது அவருடைய பின் டயர் பஞ்சராகிவிட்டது. மழை சாட்டையால் அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பஞ்சர் ஒட்டுகிறவர்கள் யாரும் கடை திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நனைந்த ட்யூபில் ஒட்டு பிடிக்காது.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. திருவல்லிக்கேணியிலே தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. சைக்கிளை அங்கே போட்டுட்டு ஓடி வந்துடறேன். உங்க பின்னாலே உட்கார்ந்து வந்துடறேன்" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது. ஐந்து நிமிஷம் என்பது பத்து நிமிஷம் ஆகும். பின்னால் ஓர் ஆளை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்தால் இன்னும் பத்து நிமிஷம். இரண்டு பேர் பேருக்கும் கோடு விழும். எனக்கு அந்த மாதத்தில் ஒரு கோடு கூட இல்லை. விழுந்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இந்தக் கணக்கையெல்லாம் நான் அப்போது போடவில்லை. பத்தேகால் என்ற ஒன்றுதான் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"நேரமாயிடுச்சே, ஸார்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

மெரினாவின் வடகோடியில், 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை இருக்கிறது. ராய் சௌதுரி செய்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். தினம் அதைத் தாண்டிப் போகிறவன்தான். அன்றைக்கு மழைத்தண்ணீர் அவர்கள் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேன். எதிர்க்காற்றுக்காகத்தான் குனிந்தேன் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, பதினொன்றுக்கு மேல் வந்தார். அந்த மாதம் அவருக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அரிசி விற்ற விலையில் அது சின்னத் தொகை அல்ல. மானேஜரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கு மேலே ஒருவர் அவருக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், அவர் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று நான் அரைமணி தாமதித்துக் கீழே இறங்கினேன். பஞ்சர் ஒட்டின சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. காலையில் நனைந்ததில் என்னுடைய டைனமோ விளக்கு எரியவில்லை. அவருடைய எண்ணெய் விளக்கு எரிந்தது.

"நீங்க எனக்கு உள்பக்கமா வாங்க, தம்பி. போலீஸ்காரன் கண்ணுக்கு என் விளக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு, "காத்து இப்போ நம்ம பக்கம். மிதிக்கவே வேண்டாம்" என்றார்.

அந்த வாடை காலையில் எங்களை எவ்வளவு தடுத்ததோ அவ்வளவு மாலையில் தள்ளிக்கொண்டு போயிற்று. மந்தைவெளி வரையில் அவர் காலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அநேக நாள் நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

* * *

மழை எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நனைத்தது. காற்று இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் தள்ளியது. எங்களைப் பிரித்தது மழை அல்ல, காற்றும் அல்ல, பத்தேகால் மணி. அதையே சாக்காக வைத்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்வதற்கில்லை. அதே பத்தேகால் மணிதான் அவருக்கும் இருந்தது. சாயங்காலம் அவர் எனக்காக விளக்கோடு நின்றார்.

இன்றைக்குச் சைக்கிளில் ஆபீஸுக்குப் போகிறவர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆஜர்ப் பட்டியலும் சிவப்பு மையும் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு, நல்ல மழையில், எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தான் ஒரு பையன். ஸ்கூட்டர் கூட இல்லை, சைக்கிள். பொட்டலத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் மேல் காய்ந்த இடம் இல்லை.

"லேட்டாயிடுச்சு, சாரி ஸார்" என்றான்.

"மழை விடட்டும், அப்பா. உள்ளே வந்து உட்காரு" என்றேன்.

அவன் கையிலிருந்த டெலிபோனைக் காட்டினான். அதில் அடுத்த வீட்டுக்கு எத்தனை நிமிஷத்துக்குள் போகவேண்டும் என்று கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பழைய சிவப்புக் கோடு தெரிந்தது. ஒரு துண்டைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

டிரைஸ் பிரபு மரச் சக்கரத்தில் ஏறி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மட்கார்டு கண்டுபிடித்தார்கள், மழைக் கோட்டு கண்டுபிடித்தார்கள், காற்று டயரும், விளக்கும், பிரேக்கும் கண்டுபிடித்தார்கள். வெளியே மழை பெய்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு கடிகாரத்தை மாத்திரம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது வருகிற வரையில், மழையில் வருகிறவனுக்காக ஐந்து நிமிஷம் நிற்பது நம்மைப் போன்ற மனிதர்கள் செய்யவேண்டிய வேலை. ஒரு நாள் நான் நிற்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றியது.